எமது பாட்டுக்கு எமது வீட்டில் இடமில்லையா?

(கொழும்பு வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலை வேளையில் நடந்து பாருங்கள். கடைக்குக் கடை பாட்டு ஒலிக்கிறது. பெரும்பாலும் அது தமிழகத்துத் திரைப்பாட்டு. அப்பாட்டின்மீது எமக்குப் பகையில்லை. தமிழிசை எங்கு பிறந்தாலும் எமக்கும் உரியதே. ஆனால், இம்மண்ணில் பிறந்த பாட்டு எங்கே? இதுவே எமது கேள்வி.

எம்மவர்க்குத் திறமை போதாது என்பார் சிலர். வரலாறு அதனை மறுக்கிறது. 1952இல் இந்திய மத்திய அமைச்சரான கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டை ஒதுக்கினார். அன்று அப்பாட்டுக்குப் புகலிடம் தந்தது கொழும்பு நகரத்து இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பே. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலுக்குத் தமிழகம் காத்திருந்து செவிசாய்த்தது. இந்திய வானொலி 1957இல் 'விவித பாரதி'யைத் தொடங்கியது. பிறர் பாட்டைக் கடல் கடந்தும் பரப்பிய நாம், எமது பாட்டைப் பரப்ப மறந்தோம்!

சிங்களத் திரைப்படங்களுக்கு இசையமைத்துப் புகழ்பெற்ற ஆர். முத்துசாமியும் எம். கே. றொக்சாமியும் தமிழர் அல்லரோ? 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப்பிசைப் பாடல்கள் ஊரூராகப் பரவவில்லையா? மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழகத்தையும் ஆட்டுவிக்கவில்லையா? எமக்குத் திறமை இருந்தது. அதனைப் பேணும் களஞ்சியம் இருக்கவில்லை.

இருந்த சிறிதையும் தீ தின்றது. 1983 யூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா படப்பிடிப்பு நிலையம் எரிக்கப்பட்டது. சிங்களப் படச் சுருள்களும் அதனோடு சாம்பலாயின. இனவெறி மூட்டிய தீக்கு மொழி பார்க்கத் தெரியாது என்பதற்கு அச்சாம்பலே சாட்சி.

இன்று நிலைமை வேறு. கைத்தொலைபேசி ஒன்றைக் கொண்டே எமது இளைஞர் பாட்டுக்குக் காட்சி அமைத்து உலகெங்கும் அனுப்புகின்றனர். படமாளிகை முதலாளியின் தயவு வேண்டியதில்லை. ஆனால், பாராட்டு அடுப்பெரிக்குமா? பாட்டெழுதியவன் பெயரின்றியும், மத்தளம் அடித்தவன் கூலியின்றியும் போவது முறையா? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளிக்கும் பாடகனுக்கும் உரிமை வழங்குகிறது. கேட்பாரற்ற உரிமை ஏட்டுச் சுரைக்காயே.

சட்டத்தரணிகளே, இவ்விளைஞர்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள். வைத்தியர்களே, வணிகர்களே, உங்கள் இல்லத் திருமணத்தில் எம்மவர் பாட்டுக்கும் இடம் கொடுங்கள். கூலியையும் குறையாது கொடுங்கள். பழைய இசைத்தட்டும் ஒலிநாடாவும் வைத்திருப்போர் அவை பூஞ்சணம் பிடிக்குமுன் படியெடுத்து வையுங்கள்.

வன்னியிலிருந்து வந்திருக்கும் கமக்காரப் பெருமக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அயலூர் நெல்லை வாங்கி உண்ணலாம், அது குற்றமன்று. ஆனால், சொந்த விதைநெல்லைத் தொலைத்தவன் அடுத்த போகத்துக்குப் பிறர் வாசலில் நிற்பான். பாட்டும் விதைநெல்லே. அதனைக் காப்போம், விதைப்போம்!