எலி கடிக்காமலே வரும் நோய்



ஜொகூரின் கோத்தா திங்கியிலும் சிகாமாட்டிலும் வெள்ளம் வடிந்தால், எலிச் சிறுநீர் நோய் பற்றித்தான் முதலில் பேசுவோம். இன்று நான் சொல்ல வந்தது வேறு. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவைப் பற்றியது. எலி கடித்தோ, அதன் சிறுநீர் பட்டோ இது நமக்கு வருவதில்லை. நத்தை வழியாக, சாப்பாட்டோடு வருகிறது.

1935இல் சீனாவின் குவாங்சோ நகரத்து எலிகளில் இந்தப் புழுவைக் கண்டறிந்தார்கள். நுரையீரல் ரத்தக்குழாயில் இது இடும் முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, எலிப் புழுக்கையோடு வெளியேறும். புழுக்கையைத் தின்னும் நத்தைக்குள் சில வாரம் வளரும். அந்த நத்தையை இன்னோர் எலி தின்றால், குஞ்சுகள் முதலில் மூளைக்குப் போய், பிறகு நுரையீரலுக்கு இறங்கும். மனிதன் தின்றாலும் மூளைக்குத்தான் போகும். ஆனால் பெரும்பாலும் அதற்கு மேல் போக்கிடம் இல்லாமல் அங்கேயே சாகும். மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்குவது அதனால்தான்.

மழை விட்ட மாலையில் வாழைமரத்திலும் வேலியிலும் ஊர்கிறதே பெரிய பழுப்பு நத்தை, அதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. 1847இல் மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை, மலாயா என்று பரவியது. புழு ஊர் ஊராகப் போனதில் கப்பல் எலிகளோடு இந்த நத்தைக்கும் பங்குண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1971இல் இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு புழுவுக்கு நம் நாட்டின் பெயரை வைத்து ‘மலேசியென்சிஸ்’ என்றார்கள். செம்பனைத் தோட்டத்தில் எலியும் உண்டு, நத்தையும் உண்டு, ஈரமும் உண்டு. ஆகவே ஜொகூரில் இருக்கும் நாம் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

2006இல் பெய்ஜிங்கில், உணவகத்தில் அரைவேக்காட்டு நத்தை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் கண்டது. நாங்கள் நத்தையே தொடுவதில்லை என்பீர்கள். சலாட் கீரையின் அடிமடிப்பைப் பிரித்துப் பாருங்கள்: விரல் நகத்தில் பாதிகூட இல்லாத, ஓடில்லாத நத்தைக்குஞ்சு ஒன்று ஒட்டியிருக்கக்கூடும். உலாமாகப் பச்சையாகத் தின்னும்போது அது கண்ணுக்குத் தெரியாது. நத்தையைத் தின்னும் தவளை, உடும்பு, நன்னீர் இறால் ஆகியவற்றின் உடம்பிலும் புழுக்குஞ்சு தங்கும். மூச்சிரைப்புக்கு நல்லது என்று உடும்பு ரத்தத்தையோ ஈரலையோ பச்சையாகக் கொடுக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் பெரும்பாலும் அறிகுறி தெரியும். விடாத தலைவலி, கழுத்து இறுக்கம், வாந்தி. தோலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற மதமதப்பு. மருத்துவர் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பார். ‘இயோசினோஃபில்’ என்ற வெள்ளணு அதில் கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். முதுகு ஊசி என்றதும் பயப்பட வேண்டாம். அந்த நீரை எடுப்பதே தலைவலியைத் தணிக்கும்.

புழு என்றால் பூச்சி மாத்திரை போட்டால் போயிற்று என்று நினைக்கத் தோன்றும். இங்கே அது ஆபத்தாகலாம். மூளைக்குள் புழுக்கள் ஒரே நேரத்தில் செத்தால் வீக்கம் கூடிவிடும். இலங்கையில் உடும்புக்கறி சாப்பிட்டு நோய் கண்ட ஒருவருக்குப் புழு மருந்து கொடுத்தபின் நிலைமை மோசமானதாக 2005இல் மருத்துவ இதழொன்றில் எழுதினார்கள். இதற்கு முக்கிய மருந்து வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு. வழக்கமாக இரண்டு வாரம், மருத்துவர் கண்காணிப்பில். புழு மருந்து சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். ஆனால் 2010இல் சிட்னியில் விளையாட்டாக ஓடில்லாத நத்தை ஒன்றை விழுங்கிய இளைஞர் கைகால் முடங்கி, எட்டு ஆண்டுகளுக்குப் பின் இறந்தார்.

நத்தையை, இறாலை உள்வரை வேகவிடுங்கள். கீரையை ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவுங்கள். உப்புத் தண்ணீரையும் வினிகரையும் மட்டும் நம்பாதீர்கள். நத்தையைப் பிடிக்கக் கையுறை போடுங்கள். பிள்ளைகள் தோட்டத்தில் விளையாடிவிட்டு வந்தால் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

விடாத தலைவலியோடு கிளினிக்குக்குப் போனால், கடந்த ஒரு மாதத்தில் நத்தையோ உடும்போ பச்சைக் கீரையோ சாப்பிட்டதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த நோய் அடிக்கடி வருவதல்ல, அவருக்கு உடனே நினைவுக்கு வராமலும் போகலாம்.