பூங்கா எஞ்சினுக்கு முதலில் தண்ணீர், பிறகு பெயிண்ட்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பூங்காவில் நிற்கும் பழைய ஆயில் எஞ்சினைப் பற்றி இன்று முடிவெடுக்க வேண்டும். பொங்கலன்று ஓட்டிக் காட்டியபோது இருபது நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது. புதுப் பச்சைப் பெயிண்ட் கொப்பளித்தது. உடனே மறுபடி பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார்கள் சிலர். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். இரண்டுக்கும் அவசரம் வேண்டாம்.

இது லிஸ்டர் மாதிரி எஞ்சின். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் பிறந்த வடிவம். பிறகு குஜராத்தின் ராஜ்கோட்டில் ஏராளமாகச் செய்தார்கள். 6 குதிரைசக்தி, நிமிடத்துக்கு 650 சுற்று. கரண்ட் வராத காலத்தில் எத்தனையோ கிணறுகளில் இறைவைக்கு ஆயில் எஞ்சின்தான் துணை. நம் கட்டடம் இருக்கும் இடமும் தோட்டமாக இருந்ததுதான். அந்தக் கிணற்றடியில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

ஏன் கொதித்தது? இதன் சிலிண்டரைக் குளிர்விக்கத் தனி பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேல் குழாய் வழியாகத் தொட்டிக்குப் போகும்; ஆறிய தண்ணீர் கீழ்க் குழாய் வழியாக எஞ்சினுக்கு வரும். இந்த ஓட்டம் நின்றால் கொதிக்கும். பார்க்க வேண்டியவை இவை:

1. தொட்டியில் தண்ணீர் மட்டம், மேல் குழாய் வந்து சேரும் வாய்க்கு மேலே இருக்க வேண்டும். பொங்கலன்று நாலு விரல் கீழே இருந்தது.

2. மேல் குழாய் தொட்டியை நோக்கி ஏற்றமாகவே போக வேண்டும். நடுவில் மேடானால் காற்று தங்கி அடைத்துக்கொள்ளும்.

3. சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறையில் போர் தண்ணீரின் உப்பும் துருச் சேறும் படியும். குழாய்களைக் கழற்றி, கம்பியால் கிளறி, நன்றாக அலச வேண்டும்.

4. இவ்வளவும் சரியாக இருந்தும் கொதித்தால், டீசல் பாயும் நேரத்தையும் சைலன்சரில் கரி அடைப்பையும் மெக்கானிக் பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு விரிசல் விடும். நிறுத்தித் தானாக ஆறவிடுங்கள்.

இனி பெயிண்ட். கொப்பளம் சிலிண்டரின் மேல் பாதியில்தான் இருக்கிறது. அடிப்பகுதியில் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் போய்ச் சேராத இடத்தைப் பெயிண்டே காட்டிக்கொடுத்திருக்கிறது. உரித்துப் பார்த்தால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் தடிமனான பட்டியும். அந்த இடத்தை இரும்பு தெரியச் சுரண்டி, தின்னரால் துடைத்து, பிரைமர் அடித்து, மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடித்து, நன்றாகக் காயவிட வேண்டும். சைலன்சருக்குச் சாதாரண எனாமல் நிற்காது. சூடு தாங்கும் அலுமினியப் பெயிண்ட்தான் வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை: முதலில் தண்ணீர் ஓட்டத்தைச் சரிசெய்வோம். பெரும்பாலும் உழைப்புதான், செலவு குறைவு. ஒரு மணி நேரம் கொதிக்காமல் ஓடிய பிறகு பெயிண்டுக்குப் பணம் ஒதுக்குவோம். குழந்தைகள் நெருங்காதபடி சக்கரத்தைச் சுற்றிக் கம்பி வேலியும் போடுவோம். அதுவரை இரும்புக் கடைப் பேச்சு வேண்டாம்.