சோதித்தது யார்?

 

நான் சிவில் படித்தவன். 'டெக்னிக்கல் இங்கிலீஷ்' வகுப்பு என்றால் எனக்குக் கேன்டீன்தான் ஞாபகம் வரும். அந்த வகுப்பில் இஸ்லாமிய நெறிகளையும் சேர்த்துக் கற்பிக்க நம் ஆங்கிலத் துறை யோசித்து வருவதாக அறிந்தேன். மகிழ்ச்சி. ஆனால் பாடத்துக்கு முன்னால் ஓர் ஆயத்து, பின்னால் ஒரு ஹதீஸ் என்று ஒட்டவைத்தால், பசங்க பரீட்சைக்கு மட்டும்தான் படிப்பாங்க. நெறி வாக்கியத்துக்குள்ளேயே இருக்கணும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். எம்20 கான்கிரீட் ஸ்லாப். 150 மில்லிமீட்டர் கியூப்களை 28 நாள் கழித்து உடைத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் கியூப் எடுக்கவே மறந்துவிட்டோம். பில் போகிற அவசரம். மேலதிகாரி, "தம்பி, ஒரு வரி எழுதிடுங்க" என்றார். 'கியூப்ஸ் வேர் டெஸ்டட் அண்ட் ஃபவுண்ட் சாடிஸ்ஃபாக்டரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இலக்கணப் பிழை கிடையாது. செயப்பாட்டு வினையாச்சே, சோதித்தது யார் என்று சொல்ல வேண்டியதே இல்லை!

மூன்று நாள் கழித்து நானே போய் உண்மையைச் சொன்னேன். கோர் எடுத்துப் பார்த்தார்கள். கான்கிரீட் நன்றாகவே இருந்தது. என் வேலைதான் போச்சு.

ஹதீஸ் கலையில், யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற இஸ்னாத் இல்லாத செய்தியை அறிஞர்கள் ஏற்பதில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா 282, கடனை எழுதிவைப்பது பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும். சிறு தொகைதானே என்று சலிக்கக் கூடாது. எழுதியவருக்கும் சாட்சிக்கும் தொல்லை தரக் கூடாது. இந்தக் கடைசிப் பகுதியை, வேலை போன பிறகுதான் நான் கவனித்துப் படித்தேன்.

ஆய்வக அறிக்கையில் செயப்பாட்டு வினை இருந்துவிட்டுப் போகட்டும். கூடவே யார் சோதித்தார், என்று, எது சோதிக்கப்படவில்லை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் 'ஷல்' வர வேண்டிய இடத்தில் 'மே' போட்டால் நஷ்டம் யாருக்கு என்று கேளுங்கள். பிற சமய மாணவர்களும் தயக்கமில்லாமல் செய்யக்கூடிய பயிற்சி இது.

பயிற்சிக்காகச் சில மாதிரி அறிக்கைகளை ஆங்கிலத் துறையில் கொடுத்திருக்கிறேன். என்னுடைய அந்த ஒரு வரியும் அதில் இருக்கிறது. தம்பி தங்கைகள் திருத்தித் தரட்டும்.