தண்டனையில் சேராத நோய்



2021 செப்டம்பரில் அசாம் மாநிலம் நகாவோனில் உள்ள இரண்டு சிறைகளில் 85 கைதிகளுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஊசி வழியே போதைப்பொருள் ஏற்றிக்கொள்ளும் பழக்கமுடையவர்கள். 2023இல் உத்தராகண்டின் ஹல்துவானி சிறையில் 44 பேர். 2024 தொடக்கத்தில் லக்னோ மாவட்டச் சிறையில் 63 பேர். நாளேடுகளில் ஓரிரு நாட்கள் பேசப்பட்டு மூன்று செய்திகளும் மறைந்தன. லக்னோவில் நிர்வாகம் அளித்த விளக்கம் கவனிக்கத்தக்கது: தொற்று வெளியிலேயே அசுத்தமான சிரிஞ்சுகளால் ஏற்பட்டதாம், சிறைக்குள் எவருக்கும் பரவவில்லையாம்.

இவ்விளக்கத்தை அப்படியே ஏற்றாலும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஊசிக்குப் பழகிய உடல், வாயிலில் செருப்பைக் கழற்றிவிடுவதுபோல் அப்பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டா சிறைக்குள் நுழைகிறது? ஹெராயின் நின்ற சில மணி நேரத்திலேயே உடல் முழுதும் வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவை தொடங்கிவிடுகின்றன. அந்நிலையில் இருப்பவர் எது கிடைத்தாலும் ஏற்றிக்கொள்வார். உள்ளே கிடைக்கவும் செய்கிறது. 2022இல் பஞ்சாப் அரசு தன் சிறைகளில் நடத்திய பரிசோதனையில் ஏறத்தாழப் பாதிக் கைதிகளின் உடலில் போதைப்பொருளின் தடயம் காணப்பட்டது.

தூள் எப்படியோ சுவரைத் தாண்டிவிடுகிறது. சிரிஞ்சு அவ்வளவு எளிதாகத் தாண்டுவதில்லை. சிறையின் ஆபத்து முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது. வெளியே மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள், உள்ளே ஒன்றே ஒன்றாக ஒளித்து வைக்கப்பட்டுப் பல கைகளில் ஏறி இறங்குகிறது. முனை மழுங்கினால் சுவரில் தேய்த்துக் கூராக்கப்படுகிறது. அதில் தங்கும் இரத்தத்துளியில் ஹெபடைடிஸ்-சி கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கண்காணிப்பில் ஊசி வழி போதைப்பொருள் பயன்படுத்துவோரில் சுமார் 9 சதவீதத்தினருக்கும், சிறைவாசிகளில் ஏறத்தாழ 2 சதவீதத்தினருக்கும் எச்.ஐ.வி. தொற்று காணப்பட்டது. நாட்டின் வயதுவந்தோர் அனைவரையும் எடுத்துக்கொண்டால் அது 0.2 சதவீதமே.

தீர்வு புதிதன்று. சுவிட்சர்லாந்துச் சிறையொன்றில் 1992இல் மருத்துவர் ஒருவர் கைதிகளுக்குத் தூய ஊசிகளை வழங்கத் தொடங்கினார். பின்னர் ஸ்பெயின் அதைப் பின்பற்றியது. செல்வ நாடுகளால் மட்டுமே இது இயலும் என்பாருக்கு மால்டோவாவும் கிர்கிஸ்தானும் விடையளித்துள்ளன. இரண்டும் ஏழை நாடுகள். ஊசி ஆயுதமாகிவிடும் என்ற அச்சம் சிறைக் காவலர்களிடையே இயல்பானதே. அதை ஏளனம் செய்வது தவறு. ஆனால் ஆய்வுக்குள்ளான இத்திட்டங்களில், வழங்கப்பட்ட ஊசியால் காவலர் தாக்கப்பட்டதாகப் பதிவில்லை. உண்மையில் காவலரின் விரலைக் குத்துவது, சோதனையின்போது மெத்தைக்கடியில் தட்டுப்படும் ஒளித்துவைத்த ஊசிதான். குறைந்த ஊதியத்தில் நெரிசல் மிகுந்த கொட்டடிகளில் பணியாற்றும் அக்காவலரும் உழைப்பாளியே.

இந்தியச் சிறைகளில் இன்றுவரை ஊசி வழங்கும் திட்டம் இல்லை. தில்லி திகார் சிறையில் 2008இல் புப்ரினார்ஃபின் என்னும் மாற்று மருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்டது. தெற்காசியச் சிறைகளில் அதுவே முதன்முறை. நாவின்கீழ் வைத்துக் கரைக்கும் மாத்திரை அது. ஊசியின் தேவையையே குறைப்பது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் பரவல் போதுமான வேகத்தில் இல்லை.

தடையாயிருப்பது சட்டமா? 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, தொற்றைக் குறைக்க மேற்கொள்ளப்படும் வழிமுறைகள் குற்றமாகா என்று கூறுகிறது. அரசின் காவலிலுள்ளோர்க்குத் தடுப்பும் பரிசோதனையும் சிகிச்சையும் உரிமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே தடை சட்டத்தில் இல்லை. ஊசி கொடுத்தால், சிறைக்குள் போதைப்பொருள் உண்டென்று அரசு ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த ஒப்புதலுக்கு எந்த அதிகாரியும் கையெழுத்திட விரும்புவதில்லை. 1994இல் திகாரில் ஆணுறை வழங்க மறுக்கப்பட்டபோதும் இதே தர்க்கந்தான் நிலவியது. எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் தில்லி உயர்நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது.

கைதிகள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். 2021இல் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. அத்தகைய சரக்கின் முதலாளிகளைத் தேடி ஆண்டுக்கணக்கில் விசாரணை நடக்கும். தெருமுனையில் ஒரு பொட்டலத்தோடு நின்ற சுமைதூக்கும் இளைஞனோ அன்றிரவே கொட்டடியில் இருப்பான். ஒரே சட்டம் இரு வர்க்கங்களிடம் நடந்துகொள்ளும் முறை இது.

அதே 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திற்குள்ளேயே இவ்விளைஞனுக்கான கதவும் இருக்கிறது என்பது பலர் அறியாதது. 64ஏ பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர், தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். 39ஆம் பிரிவு, அத்தகையவர் குற்றவாளி எனத் தீர்ப்பான பின்னும், தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்திற்கு அதிகாரமளிக்கிறது. ஹெராயினில் சிறிய அளவென்பது 5 கிராம் வரை. இவற்றை எடுத்துரைக்க வழக்கறிஞர் வேண்டும். காவலிலுள்ள எவருக்கும் இலவச சட்ட உதவி உரிமையாதலால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுப்பது முதல் வேலை. வழக்கறிஞர் சங்கத் தோழர்களும் இளைஞர் அமைப்பும் இணைந்தால் எந்த மாவட்டத்திலும் செய்யக்கூடியது இது.

விடுதலை நாளும் ஆபத்தான நாளே. சில மாதங்கள் போதைப்பொருள் குறைந்தோ இல்லாமலோ இருந்த உடல், பழைய அளவைத் தாங்குவதில்லை; சிறையிலிருந்து வெளிவந்த முதல் இரு வாரங்களில் அளவு மீறி இறப்போர் அதிகம். உள்ளே மாற்று மருந்து பெற்றவருக்கு வெளியே எந்த மையத்தில் அது தொடரும் என்று எழுதிய சீட்டு, வாயிலைக் கடக்கும்போதே கையிலிருக்க வேண்டும். ஹெபடைடிஸ்-சி இருப்பின், 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவச மாத்திரை பெறும் அரசு மருத்துவமனையின் பெயரும் அச்சீட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று மாதச் சிகிச்சையில் குணமாகும் நோய் அது.