ஜாலியை அடைக்கும் முன் ஒரு நிமிடம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. மாடி நடைபாதைகளில் உள்ள சிமென்ட் ஜாலிகளை எடுத்துவிட்டு, அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி போடுவது என்று யோசனை. சாரல், தூசி, புறாத் தொல்லை என்று சொல்கிறார்கள். மூன்றும் உண்மைதான். ஆனாலும் கை தூக்குவதற்கு முன் ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடம் ஒன்று உள்ளது. பெயர் 'கோல்கோண்ட்'. 1930களின் பிற்பகுதியில் கட்ட ஆரம்பித்தார்கள். வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்து, ஜப்பானில் பல ஆண்டுகள் தொழில் செய்தவர். ஜார்ஜ் நகாஷிமா, ஃபிரான்டிஷெக் சாம்மர் இருவரும் இங்கேயே தங்கி வேலையைப் பார்த்தார்கள். ஐதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் நிதி வந்ததால் இந்தப் பெயர். கான்கிரீட்டை மறைக்காமல் அப்படியே காட்டிய நவீனக் கட்டடங்களில் நம் நாட்டுக்கு இது ஒரு முன்னோடி.

முதலில் அதன் அமைப்பு. கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு, அகலமான முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. காலை, மாலை வெயில் தாழ்வாக வந்து நேரே அறைக்குள் விழும். சன்ஷேடு அதைத் தடுக்காது. உச்சி வெயில் மேலிருந்து விழுவதால் சிறு மறைப்பே போதும். அறைகள் ஒரே வரிசையில் இருக்கின்றன, ஒரு பக்கம் நடைபாதை. அதனால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது.

அடுத்தது வெளிச்சம். வழக்கமான ஜன்னலுக்குப் பதிலாக அகலமான பட்டைகளைப் படுக்கைவாட்டில் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். பட்டையைத் திருப்பி வெளிச்சத்தையும் காற்றையும் கூட்டலாம், குறைக்கலாம். சாய்த்து வைத்தால் மழை உள்ளே வராது, காற்று மட்டும் வரும். அறைக் கதவுகளும் தேக்குப் பட்டைகள்தான். உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். காற்று தாராளமாகப் போகும்.

பொருள்களிலும் அதே கவனம். தட்டையான கான்கிரீட் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள். இரண்டுக்கும் நடுவே உள்ள காற்று, வெயிலின் சூடு கீழே இறங்காமல் தடுக்கிறது. அறைத் தரை கடப்பாக்கல்; வெறுங்காலுக்குக் குளிர்ச்சி. ஜன்னல் பட்டைகள் மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு என்று இன்று நமக்குத் தெரியும். அந்த ஒன்றை நாம் பின்பற்ற வேண்டாம்.

இப்போது நம் நடைபாதைக்கு வருவோம். நம் ஜாலியும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு கதவுள்ள ஸ்லைடிங் ஜன்னலை முழுக்கத் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். சாரல் அடித்தால் அதையும் மூடிவிடுவோம். அப்புறம் நடைபாதையில் புழுக்கம். வீட்டுக் கதவைத் திறந்து வைத்தாலும் காற்று குறுக்கே ஓடாது. மின்வெட்டு நேரத்தில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் புகை வெளியேற வழி வேண்டும். அதுவும் இந்த ஜாலிதான்.

என் யோசனை இதுதான். புறாவுக்கு வலை கட்டுவோம். சாரல் அதிகம் அடிக்கும் பக்கத்தில் மட்டும், ஜாலிக்கு வெளியே சாய்ந்த பட்டைகள் பொருத்துவோம். முதலில் ஒரே ஒரு மாடியில் செய்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்ப்போம். திருப்தி இல்லையென்றால் கண்ணாடியைப் பற்றி அப்புறம் பேசலாம். உடைத்த ஜாலியைத் திரும்ப வைப்பது அவ்வளவு சுலபம் இல்லை.