40-னு சொன்னேன், கணக்கு 60-னு சொல்லுச்சு

இன்னைக்கு ஒரு பத்தாம் வகுப்பு ஃபிசிக்ஸ் கணக்கு. ஸ்கிப் பண்ணிடாதீங்க, நான் வசமா மாட்டிக்கிட்ட கதை இது.

செப்டம்பர்ல ஒரு மழை நாள். என் சித்தி பையனை டியூஷன்ல இருந்து பைக்ல கூட்டிட்டு வந்துட்டு இருந்தேன். வேளச்சேரி பக்கம் ஒரு நாய் குறுக்க பாஞ்சுது. காலால பிரேக்கை ஓங்கி மிதிச்சேன். பின் சக்கரம் வழுக்கி, வண்டியோட சறுக்கிக்கிட்டே போய் ஒரு டீக்கடை வாசல்ல நின்னோம். நாய் தப்பிச்சிடுச்சு. எனக்கு முட்டியில சிராய்ப்பு. அவனுக்கு வலது மணிக்கட்டுல எலும்பு விரிசல், மாவுக்கட்டு. ரெண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தோம், அதனாலதான் இதை உக்காந்து கதையா சொல்லிட்டு இருக்கேன்.

"எவ்ளோ வேகத்துலடா போன?"ன்னு சித்தி கேட்டாங்க. "40தான் சித்தி, ரோடு ஈரம்"னு சொன்னேன்.

அவனால எழுத முடியாது. அதனால ராத்திரி அவன் சொல்லச் சொல்ல நான் ஹோம்வொர்க் எழுதிக் கொடுப்பேன். பத்தாவது அறிவியல்ல முதல் பாடமே இயக்க விதிகள். ஒரு கார் பிரேக் போட்டா எவ்ளோ தூரத்துல நிக்கும்னு ஒரு கணக்கு. பாதியில நிறுத்திட்டு கேட்டான்: "அண்ணா, நாய் வந்தப்ப நாம டிரான்ஸ்பார்மர் கிட்டதானே இருந்தோம்?"

ஆமான்னேன். என் ஃபோனை வாங்கி, மேப்ல டிரான்ஸ்பார்மர்ல இருந்து டீக்கடை வரைக்கும் அளந்தான். சுமார் 45 மீட்டர்.

40 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு 11 மீட்டர். கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சு, கால் பிரேக்குக்குப் போக ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அதுக்குள்ளயே வண்டி 11 மீட்டர் போயிடும். அப்புறம்தான் பிரேக். ஈர ரோட்டுல வேகம் நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறையுதுன்னு வெச்சா, இன்னும் 12 மீட்டர். மொத்தமே 23, 24 மீட்டர்தான். நாங்க போனது அதைப்போல ரெண்டு மடங்கு. அதையே 60-க்குப் போட்டான். 17 மீட்டர், அப்புறம் 28 மீட்டர். கூட்டினா 45.

"ரோடு ரொம்ப ஈரம்டா, 5 இல்ல, 4-னு வெச்சுக்கோ"ன்னு பேரம் பேசினேன். 55 வந்துச்சு. 40 வரணும்னா அது 2-க்கும் கீழ இருக்கணுமாம். "அது தார் ரோடு இல்லண்ணா, ஐஸ்."

"ரெண்டு பேர் வெயிட்டு இருந்துச்சே?" அதுவும் செல்லல. எடை கூடினா நிறுத்த அதிக விசை வேணும், உண்மைதான். ஆனா அதே எடை டயரைத் தரையில அதிகமா அழுத்துறதால உராய்வும் அதே அளவு கூடிடும். கணக்குல நிறை ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடும்.

நாலு வருஷம் என்ஜினியரிங் படிச்சவன் நான். இந்த ஃபார்முலாவை வெச்சு எத்தனையோ மார்க் வாங்கியிருக்கேன். ஒரு தடவைகூட என் பைக்குக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

இதுல முக்கியமான விஷயம் அந்த ஸ்கொயர்தான். ஓடுற வண்டியோட ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடுகிறது. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற உராய்வுக்கோ ஒரு உச்ச அளவு உண்டு, நீங்க எவ்ளோ பயந்து மிதிச்சாலும் அது கூடாது. அதனால வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் போட்ட பிறகு ஓடுற தூரம் நாலு மடங்கு ஆகும்.

காய்ஞ்ச ரோட்டுலயே பாருங்க. 20 மீட்டர் முன்னாடி ஒரு குழந்தை ஓடி வருது. 40-ல போறவர், நொடிக்கு 7 மீட்டர் வீதம் வேகம் குறைஞ்சா, குழந்தைகிட்ட வந்து மயிரிழையில நின்னுடுவார். 60-ல போறவர்? "கொஞ்சம் இடிக்கும், 20-ல இடிக்கும்"னு நான் நெனச்சேன். இல்ல. பிரேக்ல கால் வைக்கும்போதே 17 மீட்டர் போயாச்சு, மிச்சம் 3 மீட்டர்தான். இடிக்கிற வேகம் கிட்டத்தட்ட 55. நாலு மாடி உயரத்துல இருந்து ஒரு பொருளைப் போட்டா தரையைத் தொடும்போது இருக்கிற வேகம் அது. இந்த விடையை எழுதிட்டு பேனாவைக் கீழ வெச்சுட்டேன்.

வழுக்கினதுக்கும் காரணம் நான்தான். முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுவோம்னு யாரோ சொன்னதை நம்பி, பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவன் நான். பிரேக் போட்டதும் வண்டியோட பாரம் முன் சக்கரத்துக்குப் போயிடும், பின் சக்கரம் லேசாயிடும். லேசான சக்கரத்துக்குப் பிடிப்பு கம்மி, சீக்கிரம் லாக் ஆகி சறுக்கும். ரெண்டையும் சேர்த்து, படிப்படியா அழுத்திப் பிடிக்கணும். 2019-ல இருந்து 125 சிசிக்கு மேல இருக்கிற புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். என்னோடது 2016 வண்டி.

அவன் யார்கிட்டயும் சொல்லல. நோட்டை மூடிட்டு, "அம்மாகிட்ட நீயே சொல்லிடு"ன்னான். இந்த எபிசோட் ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி போய் சொல்லிட்டேன். சித்தி ஒண்ணும் பேசல, காபி மட்டும் கொடுத்தாங்க. அவன் இப்போ டியூஷனுக்கு பஸ்ல போறான்.