கொக்கு எப்போது கொத்தும்?

('இளம் வயதில் நாட்டுத் தலைமைக்கு முயல்வது துணிச்சலா? அவசரமா?' என்ற பட்டிமன்றத்தில், 'துணிச்சலே' அணியில் மூன்றாவதாகப் பேசிய பள்ளி ஆசிரியையின் உரை)



எதிரணிப் பேராசிரியர் ஐயா வள்ளுவரைத் துணைக்குக் கூப்பிட்டார். 'காலமறிதல்' அதிகாரத்திலே வள்ளுவர் கொக்கைக் காட்டுறார், அந்தக் கொக்கு மாதிரி அடங்கி ஒடுங்கிக் காத்திருக்கணும், அதுதான் தலைமைக்கு அழகுன்னார். நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன், நல்ல தமிழுக்குத் தட்டாம இருக்க முடியுமா? ஆனா ஐயா பாதிக் குறளிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிட்டார். மீதிப் பாதியிலே அந்தக் கொக்கு என்ன பண்ணுது? நேரம் வாய்ச்சதும் ஒரே கொத்து! நின்னுக்கிட்டே இருந்தா அது கொக்கு இல்லீங்கய்யா, கண்காட்சியிலே வைக்கிற கொக்கு பொம்மை! (பலத்த கைதட்டல்)

சரி. தலைப்பு, நாட்டுத் தலைமைக்கு முயலலாமா என்று யோசிக்கிற இளம் அரசியல்வாதியைப் பற்றியது. நான் ஒரே ஒரு மனுஷரை எடுத்துக்கறேன். பராக் ஒபாமா. ஜெயித்த ஒபாமா இல்லை, அவரைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்காங்க. நான் சொல்றது 2006ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், நிற்கலாமா வேண்டாமான்னு தவிச்சுக்கிட்டிருந்த ஒபாமா. வயசு 45. "நாற்பத்தஞ்சு என்னம்மா இளம் வயசு"ன்னு முன்வரிசையிலே ஒரு அம்மா முணுமுணுக்கறாங்க. அம்மா, அரசியலிலே 45ங்கறது தொட்டில் வயசு! (சிரிப்பு)

இவர் 1996இல் இல்லினாய் மாநில மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2000இல் அமெரிக்கக் கீழ்ச்சபைக்குப் போக ஆசைப்பட்டு, சொந்தக் கட்சியிலேயே பழம் தின்று கொட்டை போட்ட பாபி ரஷ் என்பவரை எதிர்த்து நின்றார். மரண அடி. இவருக்கு ஒரு ஓட்டுன்னா அவருக்கு ரெண்டு ஓட்டு. அதே வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலே கட்சி மாநாடு. போய் இறங்கி வாடகைக்குக் கார் கேட்டால், கடன் அட்டை செல்லாதுன்னுட்டாங்க. மாநாட்டு அரங்குக்குள்ளே நுழைய அனுமதிச் சீட்டும் கிடைக்கலை. மாநாடு முடியறதுக்கு முன்னாலேயே ஊர் திரும்பிட்டார்.

நாலே வருஷம். 2004 ஜூலை, பாஸ்டன் மாநாடு. அதே ஆளை மேடையேற்றி முக்கிய உரை நிகழ்த்தச் சொன்னாங்க. அப்பவும் அவர் வெறும் மாநில மேலவை உறுப்பினர்தான். அந்த ஒரு பேச்சிலே நாடே திரும்பிப் பார்த்தது. அந்த நவம்பரிலேயே செனட்டரும் ஆகிவிட்டார்.

இப்ப எதிரணி அம்மா வைத்த குற்றச்சாட்டுக்கு வர்றேன். '2006 ஜனவரியிலே தொலைக்காட்சியிலே உட்கார்ந்துக்கிட்டு, நான் 2008இல் நிற்கமாட்டேன், செனட்டில் ஆறு வருஷமும் இருப்பேன்னு சொன்னாரே, அதே வருஷம் அக்டோபரில் அதே நிகழ்ச்சியில் யோசிக்கிறேன்னு பல்டி அடிச்சாரே, இது அவசரம் இல்லையா?'ன்னு கேட்டாங்க. நான் மழுப்ப விரும்பலை ஐயா. சொன்னது நிஜம். மாற்றியதும் நிஜம். இல்லினாய் மக்கள் ஆறு வருஷத்துக்கு ஓட்டுப் போட்டாங்க, அவர் அதை முழுசா முடிக்கலை. அந்த ஒரு மதிப்பெண்ணை எதிரணிக்கே கொடுத்துடுங்க. (சிரிப்பு)

ஆனா ஏன் மாத்தினார்? அவரா துள்ளிக் குதிக்கலை. செனட்டில் அவர் கட்சித் தலைவர் ஹாரி ரீட் கூப்பிட்டு, நீ நிற்கிறதைப் பற்றி யோசின்னார். டாம் டாஷ்ல்னு இன்னொருத்தர், செனட்டில் அந்தக் கட்சிக்கே தலைவராக இருந்தவர். 2004 தேர்தலில் ஜனாதிபதிக்கு நிற்கலாமான்னு யோசிச்சுட்டு, வேண்டாம், இருக்கிற பதவியைப் பார்ப்போம்னு ஒதுங்கினவர். என்ன ஆச்சு? அதே 2004இல் அந்த செனட் பதவியும் போச்சு! இருந்ததும் போச்சுடா நொள்ளைக் கண்ணாங்கற கதை. அவர் ஒபாமாவிடம் சொன்னதன் சாரம் இதுதான்: இந்த ஜன்னல் மறுபடி திறக்கும்னு நம்பாதே. செனட்டில் உட்கார உட்கார அனுபவம் மட்டுமா சேருது? ஒவ்வொரு ஓட்டெடுப்பும் உன் தலையிலே ஒரு சுமையாவும் சேருது. பட்டவர் சொன்ன சொல் ஐயா அது, ஏட்டிலே படிச்சுட்டுச் சொன்னது இல்லை.

அனுபவம், அனுபவம்னு மூணு பேரும் மாத்தி மாத்திப் பேசினாங்களே, அதே அமெரிக்காவிலே ஜேம்ஸ் புக்கானன்னு ஒரு ஜனாதிபதி இருந்தார். 1857இல் பதவியேற்றபோது அவருக்கு 65 வயசு. அவர் வகிக்காத பதவி கிடையாது. மாநிலச் சட்டசபை, கீழ்ச்சபை, செனட், ரஷ்யாவுக்குத் தூதர், வெளியுறவு அமைச்சர், இங்கிலாந்துக்குத் தூதர். கல்யாணப் பத்திரிகையிலே மாப்பிள்ளை பட்டம் போடற மாதிரி ரெண்டு வரி வரும். (சிரிப்பு) நாடு அடிமை முறையால் இரண்டாகப் பிளந்துகொண்டிருக்க, அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் வெளியேறுவதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்து போய்விட்டன. மிக மோசமான ஜனாதிபதிகள் பட்டியல் போடற வரலாற்று ஆசிரியர்கள் இவரை விட்டுட்டுப் போடறதே இல்லை. அடுத்து வந்தவருக்குத் தேசிய அளவிலே என்ன அனுபவம்? கீழ்ச்சபையிலே ஒரே ஒரு தவணை, ரெண்டு வருஷம். அப்புறம் ரெண்டு தடவை செனட்டுக்கு முயன்று ரெண்டு தடவையும் தோல்வி. அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன்! (நீண்ட கைதட்டல்)

கைதட்டல் எதிரணியிலிருந்தும் வருது, நன்றி. லிங்கனுக்கு ஜெயிச்சபோது வயது 51, அது இளமை இல்லைன்னு பேராசிரியர் ஐயா மனசுக்குள்ளே சொல்றது எனக்குக் கேட்குது. நான் அனுபவத்தைப் பற்றித்தான் பேசறேன், வயசைப் பற்றி இல்லை.

ஒபாமா விஷயத்துக்கே வாங்க. 2002 அக்டோபரில் ஈராக் மேல் படையெடுக்க அதிகாரம் கொடுக்கலாமான்னு செனட்டில் ஓட்டெடுப்பு. 77 பேர் சரி என்றார்கள், 23 பேர் கூடாது என்றார்கள். ஹிலாரி கிளிண்டன், ஜோ பைடன், ஜான் கெரி, பெரிய பெரிய அனுபவசாலிகள் எல்லாம் அந்த 77இலே. அதே அக்டோபரில் சிகாகோவிலே ஒரு கூட்டத்திலே நின்னு, இந்தப் போர் வேண்டாம்னு பேசினவர், யாருக்கும் தெரியாத அந்த மாநில மேலவை உறுப்பினர். ஒண்ணு சொல்லிடறேன், மறைக்கக் கூடாது. எதிர்த்து ஓட்டுப் போட்ட 23 பேரிலே 84 வயசு ராபர்ட் பேர்ட் இருந்தார். கிழவர் கர்ஜித்தார். ஆக அனுபவம் இருந்தால் கண் தெரியாதுன்னு நான் சொல்ல வரலை. அனுபவம் மட்டுமே கண்ணாடி ஆகாதுங்கறேன்.

நடுவர்: ஏம்மா, அப்ப கென்னடி? வந்த மூணே மாசத்திலே கியூபாவிலே போய் மாட்டிக்கிட்டாரே?

அங்கேதான் ஐயா வர்றேன். 1960இல் கென்னடிக்கு வயசு 43. முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன், சொந்தக் கட்சிப் பெரியவர், பத்திரிகைக்காரங்களைக் கூட்டி வச்சு, 'தம்பி, நீ தயாரா? நாடு உனக்குத் தயாரா? கொஞ்சம் பொறு'ங்கற மாதிரிப் பேசினார். ரெண்டு நாள் கழிச்சு, ஜூலை 4, அவங்க சுதந்திர தினம், கென்னடி பதில் கொடுத்தார். 44 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்குப் பொறுப்பு கிடையாதுன்னு வச்சிருந்தா, ஜெபர்சன் சுதந்திரப் பிரகடனம் எழுதியிருக்க முடியாது, வாஷிங்டன் படைக்குத் தலைமை தாங்கியிருக்க முடியாது, கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டே பிடிச்சிருக்க முடியாதுன்னார். ஜெபர்சன் எழுதினபோது அவருக்கு 33! ஆனா நடுவர் ஐயா சொன்னது சரி. 1961 ஏப்ரல், பிக்ஸ் வளைகுடா. முந்தைய ஆட்சியிலே பழுத்த அதிகாரிகள் போட்டு வைத்த திட்டத்தை நம்பினார். ஆயிரத்துக்கு மேற்பட்டவங்க சிறைப்பட்டாங்க. அது அவர் கணக்கிலேதான் எழுதணும், அவரும் பொறுப்பு என்னுடையதுன்னு ஒத்துக்கிட்டார். அடுத்த வருஷம் அக்டோபரிலே ஏவுகணை நெருக்கடி வந்தபோது, தாக்கு தாக்குன்னு துடிச்ச தளபதிகளை அடக்கி, கடல் முற்றுகையோடு நிறுத்தி, பேசி முடிச்சாரே, அந்தப் பாடத்தை எங்கே படிச்சார்? அந்தத் தோல்வியிலே. அனுபவம் வந்தப்புறம்தான் நாற்காலிங்கறாங்க இவங்க. சில அனுபவம் அந்த நாற்காலியிலே மட்டும்தான் ஐயா கிடைக்கும். தண்ணிக்கு வெளியிலே நின்னு யாரு நீச்சல் கத்துக்கிட்டா? (கைதட்டல்)

அப்புறம், எதிரணியின் பிரம்மாஸ்திரம். ஜோ பைடன்! பொறுத்தார் பூமி ஆள்வார், பைடனைப் பாருங்க, 2020இல் 77 வயசிலே ஜெயிச்சாருன்னு மேசையைத் தட்டினாங்க. பைடன் பொறுத்தாரா? 1972இல் செனட்டுக்கு ஜெயிச்சபோது அவருக்கு வயசு 29! செனட்டராக 30 முடிஞ்சிருக்கணும்னு சட்டம், பதவியேற்பதற்குள்ளே பிறந்தநாள் வந்தது, தப்பிச்சார். ஜனாதிபதி பதவிக்கு முதல் தடவை அவர் களமிறங்கினது 1987இல், 44 வயசிலே! அந்தத் தடவை பாதியிலேயே விலகினார். 2008க்கு மறுபடி முயன்றார், அதுவும் ஆகலை. ஒபாமா நின்ன வயசை விட ஒரு வயசு குறைவா இருக்கும்போதே நின்னவரைக் கூட்டிட்டு வந்து, 'பொறுமைக்கு எடுத்துக்காட்டு'ங்கறாங்க. ஐயா, இவர் எங்க அணி ஆளு. வழி தவறி அங்கே உட்கார்ந்திருக்கார், அனுப்பி வைங்க! (அரங்கம் அதிரச் சிரிப்பு, கைதட்டல்)

கொஞ்சம் சொந்தக் கதை. எங்க அப்பா ஊரிலே நல்லது கெட்டதுக்கு முன்னே நிற்பார். 1970இல் ஊராட்சித் தேர்தல். அப்பாவுக்கு 30 வயசு. தலைவருக்கு நில்லுப்பான்னு ஊர்ப் பெரியவங்களே வீட்டுக்கு வந்தாங்க. பாட்டி, 'வயசு பத்தாது, அடுத்த தடவை பார்த்துக்கலாம்'னாங்க. அப்பாவும் சரின்னுட்டார். தமிழ்நாட்டிலே அடுத்த ஊராட்சித் தேர்தல் எப்ப வந்தது தெரியுமா? 1986! பதினாறு வருஷம். அதுக்குள்ளே அப்பா பிழைப்புக்காக ஊரையே விட்டு வந்தாச்சு. அவர் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. ஆனா ஊருக்குப் போகும்போதெல்லாம் கிணற்றடியிலே நின்னு, 'இங்கே ஒரு தொட்டி கட்டியிருக்கலாம்'பார். கட்டியிருக்கலாம்னு யாரிடம் சொல்றாருன்னு எனக்குச் சின்ன வயசிலே புரியாது.

நடுவர்: நேரம் ஆயிட்டிருக்கும்மா.

முடிச்சிடறேன் ஐயா. ஒரே ஒரு காட்சி. 2006 முடியப் போகுது. ஒபாமாவும் நெருங்கிய சிலரும் உட்கார்ந்து பேசறாங்க. பணம் வருமா, எந்த மாநிலம் கிடைக்கும்னு ஆம்பிளைங்க கணக்குப் போடறாங்க. மிஷேல் ஒபாமாவுக்கு இதிலே விருப்பமே இல்லை. மூத்தவளுக்கு எட்டு வயசு, சின்னவளுக்கு அஞ்சு. தனக்கு ஒரு நல்ல உத்தியோகம். அதுக்கு மேலே ஒரு பயம். கறுப்பினத்தவர் ஒருத்தர் அந்த நாற்காலிக்குக் குறி வச்சா என்ன நடக்கும்? ராபர்ட் கென்னடி 1968இல் பிரச்சாரத்துக்கு நடுவிலே சுடப்பட்டாரே, அவருக்கே 42 வயசுதான். மிஷேல் பயந்தது வீண் பயமும் இல்லை. 2007 மே மாசமே ஒபாமாவுக்கு ரகசியக் காவல் படைப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியதாச்சு. அதுக்கு முன்னாலே எந்த வேட்பாளருக்கும் அவ்வளவு சீக்கிரம் கொடுத்ததில்லை.

அந்த அம்மா கேட்ட கேள்வியைப் பிற்பாடு ஒபாமாவே எழுதியிருக்கார். ஜெயிப்பியான்னு கேட்கலை. நல்லவங்க, வல்லவங்க இத்தனை பேர் நிற்கிறாங்க, ஏன் நீ? உன்னாலே மட்டும் என்ன ஆகும்? இதுதான் கேள்வி. எந்தப் பத்திரிகைக்காரரும் கேட்காத கேள்வி, பொண்டாட்டிதான் கேட்பா. (சிரிப்பு) சிரிக்காதீங்க. அவர் யோசிச்சு என்ன சொன்னாராம்? எல்லாம் செய்வேன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா நான் கையை உயர்த்திப் பதவிப்பிரமாணம் எடுக்கிற அந்த ஒரு நாள், நமக்கு இதெல்லாம் இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருக்கிற குழந்தைங்க, கறுப்புக் குழந்தைங்க, எங்கேயும் ஒட்டாம நிற்கிற குழந்தைங்க, தங்களைத் தாங்களே வேற மாதிரி பார்ப்பாங்கன்னார். மிஷேல் ரொம்ப நேரம் அவரையே பார்த்துக்கிட்டிருந்தாராம். அப்புறம்தான் பதில் நல்லாத்தான் இருக்குன்னாராம். அதோடு விட்டாரா? ஒரு நிபந்தனை. நிற்கணும்னா சிகரெட்டை விடணும்! (சிரிப்பு, கைதட்டல்) கட்சிக்காரங்க யாரும் கேட்கலை ஐயா இதை.

கிறிஸ்துமஸுக்கு ஹவாயிலே பிறந்த ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வந்து முடிவு பண்ணினார். 2007 பிப்ரவரி 10, ஸ்பிரிங்ஃபீல்டு நகரம். பல் கிட்டுற குளிர். லிங்கன் பேசின அந்தப் பழைய சட்டசபைக் கட்டடத்துக்கு முன்னாலே நின்னு, நிற்கிறேன்னு அறிவிச்சார். இது அவசரமா நடுவர் ஐயா? வீட்டுக்காரி கிட்டே உத்தரவு வாங்கவே மாசக்கணக்கா காத்திருந்த மனுஷரைப் போய் அவசரக்காரர்ங்கறாங்களே! (பலத்த கைதட்டல்)

மணியிலே கை வச்சுட்டீங்க ஐயா. நான் உட்கார்ந்துக்கறேன். அந்த பைடன் விஷயத்தை மட்டும் தீர்ப்பிலே மறந்துடாதீங்க.